சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்

மேலூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கும் பையன். போன வருடம் மஞ்சுவிரட்டுக்கு முதல் ஆளாக ஓடியவன், இந்தத் தைக்குத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. குளிக்கச் சொன்னால் ‘ம்’ என்கிறான். துண்டு கொடியிலேயே காய்கிறது. தட்டில் வைத்த தோசை விறைத்துப்போகிறது. அப்பாவுக்கு இதற்குத் தெரிந்த ஒரே பெயர், சோம்பேறித்தனம்.

பெரிய தவறு இதுதான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் என்றதும் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும்தான் நம் நினைவுக்கு வரும். பலருக்கு அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் முன்பே பேச்சு சுருங்கிவிடும், முகம் உணர்ச்சி காட்டாது, கூட்டாளிகள் வேண்டாதவர்கள் ஆவார்கள், எதையும் தொடங்கத் தோன்றாது. மருத்துவர்கள் இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறார்கள். ஏமாற்றும் பெயர். கெட்ட எண்ணம் என்று பொருளல்ல. இருக்க வேண்டியது இல்லாமல் போவது.

ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் இந்நோய் தலைகாட்டுகிறது. அந்தப் பருவத்தில் மூளை, மல்லிகைக்குக் கவாத்து செய்வதுபோல, வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழிக்கிறது. வெட்டு அளவு மீறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கஞ்சா ஆபத்தைக் கூட்டுகிறது.

அதற்காக வாய் திறக்காத பிள்ளையை எல்லாம் நோயாளி ஆக்கிவிடாதீர்கள். பரீட்சைப் பயமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனோடு அல்ல, போன வருடத்து அவனோடு அவனை ஒப்பிடுங்கள்.

பாண்டி கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். அதே வாரத்தில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சங்கிலி மட்டும் கூடாது: 2001-இல் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் தப்ப முடியாமல் இறந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். ‘கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்’ என்பவர்களிடம், அந்தப் பெண்ணின் கதி என்ன என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு தவறு, குரல் அடங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரை குரலை அடக்கும் அளவுக்கு இந்த மந்தத்தைப் போக்குவதில்லை; சில நேரம் மாத்திரையாலேயே அசதி கூடும். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்.

வீட்டில் ‘ஏண்டா இப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுப் பலனில்லை. அவனுக்கே தெரியாது. ‘இந்த நாலு வெங்காயத்தை உரித்துக் கொடு, ராசா’ என்று முறத்தை அவன் பக்கம் நகர்த்துங்கள். இரண்டு உரித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.