அலர்ஜிக்குக் கூட்டு மாத்திரை: மூக்கடைப்பைத் தீர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பனிக்காலம் வந்தால் மெடிக்கலில் “சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்று நிற்பவர்கள் கூடிவிடுவார்கள். இவர்களில் பலருக்கு வந்திருப்பது தொற்றுச் சளி அல்ல. காய்ச்சல் இருக்காது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு, அப்புறம் மூக்கடைப்பு. சீமைக் கருவேலம், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தமோ வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியோ கிளப்பிவிடும் ஒவ்வாமை இது. கடையில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைதான் கிடைக்கிறது. ஸ்ட்ரிப்பிலிருந்து நாலைக் கத்தரித்துத் தருகிறார்கள். வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்.

முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கத்தரித்த துண்டில் மருந்தின் முழுப் பெயர் இருப்பதில்லை, அளவும் இருப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடக்கூடிய மருந்தல்ல இது. நாலு மாத்திரைதான் வேண்டும் என்றாலும் முழு ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லி ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பின்பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். குளோர்பெனிரமின், செட்டிரிசின், லிவோசெட்டிரிசின் என்பவை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள், அதாவது ஒவ்வாமையின்போது உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவை. தும்மலையும் அரிப்பையும் ஒழுகலையும் இவை நிறுத்தும், அடைப்புக்குப் பெரிதாக உதவாது. ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்பவை அடைப்பு நீக்கிகள். மூக்கின் உட்சவ்வில் வீங்கியிருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வழிவிடுவது இவற்றின் வேலை. பல கூட்டு மாத்திரைகளில் மூன்றாவதாகப் பாராசிட்டமாலும் இருக்கும். ஒவ்வாமைக்கு அது தேவையே இல்லை.

அந்தத் தேவையில்லாத பாராசிட்டமால்தான் சத்தமில்லாமல் கணக்கை ஏற்றுகிறது. 500 மி.கி. பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரையை மூன்று வேளையும், “உடம்பு வலிக்குது” என்று 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையைத் தனியாக மூன்று வேளையும் போட்டால் ஒரு நாளில் 3,450 மி.கி. ஆகிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மி.கி. குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு, குறைந்த உடல் எடை உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. இதே போல, கூட்டு மாத்திரைக்கு மேல் “அலர்ஜிக்குத் தனியா” ஒரு செட்டிரிசின் போடுவதும் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக்குவதுதான்.

பிபி உள்ளவர்கள்

“நான்தான் பிபி மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேனே, இது ஒண்ணும் பண்ணாது” என்று பலர் நினைக்கிறார்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வாய் வழியாகச் சாப்பிடும் அடைப்பு நீக்கி மூக்கில் மட்டும் வேலை செய்வதில்லை. உடம்பின் மற்ற ரத்தக்குழாய்களையும் சுருக்குகிறது, இதயத்தையும் தூண்டுகிறது. பிபி ஏறலாம், படபடப்பு வரலாம், தூக்கம் கெடலாம். கட்டுப்பாட்டில் இல்லாத பிபி, இதய நோய், தீவிரச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் சூடோஎஃபெட்ரின் கூடவே கூடாது. அளவு மீறிச் சுரக்கும் தைராய்டு, குறுகிய கோணக் கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), சுகர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த அடைப்பு நீக்கியையும் தொட வேண்டாம். பிபி கட்டுக்குள் இருப்பவர்களும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். 40 வயதைத் தாண்டியும் பிபியே பார்த்ததில்லை என்றால், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு இந்தக் கூட்டு இரண்டு பக்கமும் இடிக்கும். குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. அடைப்பு நீக்கி அதன் வாயை இறுக்குகிறது. ராத்திரி மாத்திரை போட்டவர் விடியற்காலையில் சிறுநீர் முழுசாக அடைத்துக்கொண்டு, குழாய் போட ஆஸ்பத்திரிக்கு ஓட நேரலாம். வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ மாத்திரை வாங்கும்போது இதைக் கடையில் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்களுக்குக் குளோர்பெனிரமின் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியது, விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

வேறு மருந்துகளோடு சேரும்போது வரும் சிக்கலும் சாதாரணமானதல்ல. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லினிசோலிட், பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் செலிகிலின், ரசாகிலின் ஆகியவற்றோடு அடைப்பு நீக்கி சேர்ந்தால் பிபி ஆபத்தான அளவுக்கு எகிறலாம். இவற்றைச் சாப்பிடுபவர்கள் சளி மாத்திரையைத் தாங்களாக வாங்கக் கூடாது.

வேலை செய்யவில்லை என்று கூட்டுவது

ஒரு மாத்திரையில் மூக்கு திறக்கவில்லை என்றால் இரண்டாகப் போடுகிறார்கள். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வாய் வழி ஃபினைல்எஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று 2024 நவம்பரில் அந்த அமைப்பு முன்மொழிந்தது. நம்மூர்க் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இருப்பது இதே ஃபினைல்எஃப்ரின்தான். இரட்டிப்பாகப் போட்டால் மற்ற மருந்துகளின் அளவும் சேர்ந்து ஏறும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் தரும், பெயரின் கடைசியில் ‘டி’ என்று முடியும் அலர்ஜி மாத்திரைகள் வேறு. அவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், 12 மணி நேர மாத்திரையில் 120 மி.கி., 24 மணி நேர மாத்திரையில் 240 மி.கி. அடைப்பை இது உண்மையிலேயே நீக்கும், அதே அளவுக்கு மேலே சொன்ன ஆபத்துகளும் உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை என்பதால் உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. சாயங்காலத்துக்கு மேல் போட்டால் தூக்கம் போய்விடும்.

எத்தனை நாள்?

ஒவ்வாமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அடைப்பு நீக்கி அப்படி நீடிக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தென்றால் இன்னும் குறைவு, மூன்று முதல் ஐந்து நாள்தான். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக மூக்கு அடைக்கும், திரும்பச் சொட்டுவிடத் தோன்றும், விடவே முடியாமல் போகும்.

சீசன் முழுக்கத் தொந்தரவு என்றால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைத் தனியாகவும், அடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் டாக்டரிடம் கேட்டு வாங்குவதே சரி. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுபவர்கள் அதிகம். ஸ்பிரேயில் இருப்பது மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஒரே நாளில் பலன் தெரியாது, முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும்.

வண்டி ஓட்டுபவர்கள் குளோர்பெனிரமின் உள்ளதைத் தவிர்க்க வேண்டும். தூக்கம் வருவதாகத் தெரியாவிட்டாலும் கவனமும் கை வேகமும் குறைந்திருக்கும். மது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். தூக்கம் மிகக் குறைவாகத் தரும் ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸ் அதை உடம்பில் சேரவிடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் கூட்டு மாத்திரையே வேண்டாம். சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கும்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் மீந்துபோன சிரப் பாட்டிலை எடுத்து ஊற்றும் முன் அந்த லேபிளைப் படியுங்கள்.

மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, பார்வை மங்கல், நிற்காத படபடப்பு, சிறுநீர் போக முடியாமை என்று எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு, அந்த ஸ்ட்ரிப்பையோ ஃபோன் படத்தையோ எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போக வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.