பழைய டிவிஆரிலிருந்து ஐபி கேமராவுக்கு மாறும்போது

கையில் இருக்கும் டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி) எக்ஸ்விஆர் வகை, அதாவது பழைய அனலாக் கேமராவோடு நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராவையும் ஏற்கும் வகை என்றால் ஓரிரு ஐபி கேமராக்களை அதிலேயே சேர்த்துப் பார்க்கலாம். இல்லையென்றால் பிஓஇ போர்ட் (ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் செல்லும் இணைப்பு) உள்ள என்விஆர்தான் (ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டி) சரி. கேமராவுக்கு ஒன்றாக கேட்-6 நெட்வொர்க் கேபிள், 100 மீட்டருக்குள் இழுக்க வேண்டும். பழைய கோஆக்சியல் ஒயரின் முனையில் கட்டி இழுத்தால் பைப்புக்குள் சுலபமாக வந்துவிடும்.

விலை குறைவென்று சிசிஏ கேபிள் வாங்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுதான் அது. தூரம் கூடினால், பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும் மின்னழுத்தம் குறைந்து அணைந்து அணைந்து வரும்.

வெளிச்சுவரில், கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்யும் (அழுத்திப் பொருத்தும்) முன்பே வாட்டர்ப்ரூஃப் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள். மறந்தால் பிளக்கை வெட்டி மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

4 கேமரா, தலா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்), 24 மணி நேரப் பதிவு என்றால் நாளுக்குச் சுமார் 173 ஜிபி. 2 டிபி ஹார்டுடிஸ்க் 11 நாள் தாங்கும்.