நடுப்பாத எலும்புகளைத் தொட்டு அடையாளம் காண்பது எப்படி?

மனிதப் பாதமொன்றில் உள்ள 26 எலும்புகளுள் ஐந்து மட்டுமே நடுப்பாதத்தைச் சேர்ந்தவை: படகெலும்பு எனப்படும் நேவிக்குலர், கனசதுர எலும்பு எனப்படும் கியூபாய்டு, ஆப்பெலும்புகள் எனப்படும் மூன்று கியூனிஃபார்ம்கள். இவற்றைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் விரைவில் மறந்துவிடுகிறார்கள். பாதத்தின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக உள்ள இரண்டு மேடுகளை விரலால் கண்டுகொண்டால் மற்றவற்றின் இடம் தானே விளங்கும் என்பதால், தன் காலிலேயே தொட்டுக் கற்பதுதான் சிறந்த வழி.

நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மறு தொடையின்மேல் வைத்துப் பாதத்தைத் தளரவிடுங்கள். கணுக்காலின் உட்புறத்தில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து ஆள்காட்டி விரலைக் கீழும் முன்னுமாக நகர்த்தினால், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தொலைவில் உருண்டையான மேடொன்று தட்டுப்படும். அதுவே படகெலும்பின் உள்முனை. தொட்டது சரிதானா என்று அறிய, ஒரு கையால் தடுத்துக்கொண்டே பாதத்தைக் கீழ்நோக்கியும் உட்பக்கமாகவும் திருப்ப முயலுங்கள். அப்போது டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாண் கணுக்காலின் பின்னிருந்து விறைத்தெழுந்து இம்மேட்டை நோக்கி வருவதை விரல் உணரும். சிலருக்கு இவ்விடத்தில் பிறவியிலேயே ஒரு துணை எலும்பு இருப்பதால் மேடு சற்றுப் பெரிதாகத் தெரியலாம். அதை உடனே வீக்கம் என்றோ முறிவு என்றோ எண்ணிவிட வேண்டாம். சிறு குழந்தைகளின் எக்ஸ்ரேயில் இந்த எலும்பே தென்படாமல் இருப்பதும் இயல்புதான், ஏனெனில் கணுக்கால் தொகுதி எலும்புகளுள் கடைசியாக எலும்பாகத் தொடங்குவது இது.

அம்மேட்டிலிருந்து பெருவிரல் திசையில் நகர்ந்தால் சிறிய பள்ளம் ஒன்றைக் கடந்து உட்புற ஆப்பெலும்பை அடைவீர்கள். மூன்று ஆப்பெலும்புகளில் பெரியது இதுவே. பாதத்தை மேலே தூக்கி உட்பக்கம் சாய்க்கும்போது கணுக்காலின் முன்புறம் தடித்தெழும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைநாணைப் பின்தொடர்ந்தாலும், இந்த எலும்புக்கும், பெருவிரலுக்குப் பின்னுள்ள நீண்ட பாத எலும்பான முதல் மெட்டாடார்சலின் அடிப்பகுதிக்குமே வந்து சேர்வீர்கள்.

நடு ஆப்பெலும்பையும் வெளி ஆப்பெலும்பையும் தனித்தனியாகப் பிரித்துணர்வது கடினம். இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குரிய மெட்டாடார்சல்களின் முதுகைத் தடவியபடி பின்னோக்கி வந்து, அவை முடியும் இடத்துக்குப் பின்னால் இவை உள்ளன என்று கொள்வதே போதும். இவ்விரண்டும் மேற்புறம் அகன்றும் உள்ளங்காலை நோக்கிக் குறுகியும் அமைந்திருப்பதால், வளைவு வாயிலின் கற்களைப் போல ஒன்றையொன்று நெருக்கிப் பாதத்தின் குறுக்கு வளைவைத் தாங்குகின்றன. நடு ஆப்பெலும்பு மற்ற இரண்டையும்விடக் குட்டையானது. அதனால் உண்டாகும் பள்ளத்துக்குள் இரண்டாம் மெட்டாடார்சலின் அடிப்பகுதி பின்வாங்கிப் பொருந்தியிருக்கிறது. நடுப்பாதத்தின் உறுதிக்கு ஆதாரமான இந்தப் பொருத்தத்தை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இனி வெளிப்புறம். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் ஓரமாகவே பின்னோக்கித் தடவினால், பாதி வழியில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு ஐந்தாம் மெட்டாடார்சலின் அடிப்பகுதி. அதற்குச் சற்றுப் பின்னும் மேலுமாக, விரல் இறங்கும் பள்ளத்தில் கியூபாய்டு உள்ளது. இதன் முன்முகம் நான்காம், ஐந்தாம் மெட்டாடார்சல்களோடும் பின்முகம் குதிகால் எலும்போடும் மூட்டாக இணைகின்றன. இதன் அடியிலுள்ள பள்ளம் வழியாகவே பெரோனியஸ் லாங்கஸ் தசைநாண் உள்ளங்காலைக் குறுக்காகக் கடக்கிறது.

நடுப்பாதத்தின் பின்னெல்லை ஷோபார் மூட்டு, முன்னெல்லை லிஸ்ஃப்ராங்க் மூட்டு. இரண்டும் பிரெஞ்சு அறுவை மருத்துவர்களின் பெயரைத் தாங்கியவை. முன்னெல்லை நேர்கோடன்று. பெருவிரல் பக்கம் முன்னுக்கும் சுண்டுவிரல் பக்கம் பின்னுக்குமாகச் சாய்ந்து செல்லும் அது, இரண்டாம் மெட்டாடார்சலின் இடத்தில் மட்டும் உள்வாங்குகிறது.

காயமுற்ற பாதத்தில் இந்த அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. நடுப்பாதம் வலிக்கும் ஒருவருக்குப் படகெலும்பின் மீதோ ஐந்தாம் மெட்டாடார்சலின் அடிப்பகுதியிலோ அழுத்தும்போது எலும்பு வலித்தாலும், அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு எட்டுகூட நடக்க முடியாமற்போனாலும் எக்ஸ்ரே தேவை என்பது அவசரப் பிரிவுகளில் பின்பற்றப்படும் ஒட்டாவா விதி. ஆயினும் கவனத்திலிருந்து நழுவிப்போகக்கூடிய காயம் வேறொன்று. முதல், இரண்டாம் மெட்டாடார்சல்களின் அடிப்பகுதிகளை நேரடியாகப் பிணைக்கும் நார் இல்லை; உட்புற ஆப்பெலும்பிலிருந்து சாய்வாக வரும் லிஸ்ஃப்ராங்க் நாரே அவ்விடத்தைக் காக்கிறது. அது அறுந்தால் படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இடைவெளி தெரியாமற்போகலாம். ஆகவே காயத்துக்குப்பின் உள்ளங்காலின் நடுவில் இரத்தக்கட்டு தெரிந்தால், முதல் படம் இயல்பாக இருந்தாலும், எடையேற்றி நின்ற நிலையில் இரு பாதங்களையும் ஒப்பிட்டுப் படமெடுப்பது பற்றி எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.