நாலடி பலகையில பல்லாவரம்: மாடல் ரயில் லேஅவுட் கட்டி, நிஜம் மாதிரி போட்டோ எடுக்குறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், ரவுண்டா ஓடுற செட் ஒண்ணு வாங்கி அதை சுத்தி சீனரி கட்டலாம்னு ஆரம்பிக்காதீங்க. நான் ரெண்டு வருஷம் அதுலயே போராடினேன். இங்க நான் எடுத்துக்கிட்டது எச்ஓ ஸ்கேல், அதாவது மாடல் நிஜத்துல 87ல ஒரு பங்கு. நம்ம ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டி தொழிற்சாலை) பெட்டி 21.3 மீட்டர் நீளம், 87ஆல வகுத்தா 245 மி.மீ., அதாவது ஒரு அடி ஸ்கேலை விட ரெண்டரை இன்ச்தான் கம்மி. செட்டோட வர்ற வளைவெல்லாம் 15, 18 இன்ச் ரேடியஸ், அதுல இவ்ளோ நீளப் பெட்டி திரும்பறப்போ நடுப்பகுதி உள்ள போயிடும், முனை ரெண்டும் வெளிய துருத்திக்கும், எப்படி எடுத்தாலும் போட்டோல பொம்மைன்னு தெரிஞ்சுடும்.

அதனால சென்னை பல்லாவரம் ஸ்டேஷனை மனசுல வச்சு நாலடிக்கு ஒண்ணரை அடி பலகை, நேர் லைன் ஒண்ணு, பக்கத்துல ஒரு சைடிங் (வண்டி ஒதுங்கி நிக்கிற கிளை லைன்), அதுக்கு ஒரு பாயிண்ட் (வண்டியை ஒரு லைன்லேர்ந்து இன்னொண்ணுக்கு திருப்பற இடம்). அவ்ளோதான். ஒரே ஆள் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு போகலாம். ஏன் மொட்டை மாடின்னு அப்புறம் சொல்றேன்.

ஸ்டெப் 1: பலகை

12 மி.மீ. பிளைவுட், வாட்டர்ப்ரூஃபா கேட்டு வாங்குங்க. அடியில ரீப்பர் கட்டை வச்சு ஃபிரேம் அடிக்கணும். ரெண்டு பக்கமும், நாலு ஓரமும் பிரைமர் அடிக்கணும், இது ரொம்ப முக்கியம். மேல் பக்கம் மட்டும் அடிச்சு விட்டேன், நவம்பர் மழையில ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் குடிச்சு பலகை வளைஞ்சுபோச்சு, அது மேல ஒட்டின டிராக்கையும் பிச்சு எடுக்க வேண்டியதாயிடுச்சு.

ஸ்டெப் 2: டிராக்

3 மி.மீ. கார்க் ஷீட் ஒட்டி, அது மேல டிராக். பீக்கோ கம்பெனியோட கோட் 100 ஃபிளெக்சி டிராக்தான் (வளைக்கக்கூடிய டிராக்) என் சாய்ஸ், ஒரு பீஸ் 914 மி.மீ. வரும், கான்கிரீட் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில குறுக்க வர்ற கட்டை) டைப்பே கேட்டு வாங்குங்க, நம்ம லைன்ல இப்போ மரக்கட்டையே இல்லையே. ஒட்டுறதுக்கு முன்னாடியே தண்டவாளத்தோட சைடுல அக்ரிலிக் பிரவுன் அடிச்சிடுங்க, மேல் பரப்பை மட்டும் துணியால துடைச்சிடுங்க. பளபளன்னு சைடு தெரியற தண்டவாளத்தை கேமரா மன்னிக்கவே மன்னிக்காது.

எச்ஓ டிராக்கோட கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, 16.5 மி.மீ., அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜோட கணக்கு. நம்ம பிராட்கேஜ் 1676, மாடல்ல 19.3 வரணும். கிட்டத்தட்ட 3 மி.மீ. குறையுது. இதுக்காக டிராக்கை கையாலயே செய்யறவங்க இருக்காங்க, அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை, ஆனா ஆரம்பத்துலயே அதுல இறங்காதீங்க. இந்த வித்தியாசம் டிராக் நடுவுலேர்ந்து நேரா பாத்தாதான் கண்ணுல படும். பக்கவாட்டுல சாய்வா எடுத்தா தெரியவே தெரியாது.

வயரிங் பத்தி தனியா சொல்ல ஒண்ணும் இல்ல, 12 வோல்ட் டிசி, ரெண்டு வயர், ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாமே கிடைக்கும்.

ஸ்டெப் 3: ஜல்லி (இதை மட்டும் அவசரப்படாம படிங்க)

நிஜ லைன்ல போடற ஜல்லி அதிகபட்சம் 65 மி.மீ., அதை 87ஆல வகுத்தா 0.75 மி.மீ.தான். கடையில மாடலுக்குன்னு விக்கிறது பெரும்பாலும் இதைவிட பெருசு, கலரும் வெளிநாட்டு கலர். நான் எம்-சாண்ட் (கல்லை உடைச்சு செய்யற மணல்) எடுத்துக்கிட்டேன். டீ வடிகட்டியில சலிச்சு கீழ விழறதை எடுத்து, மறுபடி மைதா சல்லடையில சலிச்சா தூள் போயிடும், மேல நிக்கிறதுதான் நமக்கு வேணும். அதை ரெண்டு தண்ணி கழுவி வெயில்ல காய வச்சிடுங்க. கலர் அப்படியே நம்ம பக்கத்து ஜல்லிதான், சாம்பல்ல லேசா நீலம் ஓடும். இந்த பல்லாவரம், பரங்கிமலை பக்கத்து கல்லுக்கு ஜியாலஜில சார்னோகைட்னு பேரு, கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருக்கிறது இந்த வகை கல்லுதான், அவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டாங்க. ஒரு பிடி எம்-சாண்டை உள்ளங்கையில வச்சு வெயில்ல பாருங்க, அவ்ளோ அழகா இருக்கும்.

காய்ஞ்சதும் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மணலுக்குள்ள நாலஞ்சு தடவை ஓட்டுங்க. கருப்பா பொடி ஒட்டிக்கிட்டு வரும். அதை விட்டா இன்ஜின் மோட்டார்ல இருக்கிற காந்தம் இழுத்துக்கும், அப்புறம் மோட்டார் கதை முடிஞ்சது. பீச் மணல்ல இந்த கருப்பு ரொம்ப அதிகம், அந்த பக்கமே போகாதீங்க.

இப்போ கொட்டற வேலை. ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால ஸ்லீப்பர் மேல இருக்கிறதை தள்ளி நடுவுல விழ வைங்க. ஸ்லீப்பர் மேல ஒரு கல்லு கூட நிக்கக்கூடாது. ஒரு அடிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.

அடுத்தது ஒட்டறது. நான் ஃபெவிகால்ல தண்ணி கலந்து நேரா சொட்டு விட்டேன், விட்ட சொட்டு மணல் மேல முத்து மாதிரி உருண்டு நின்னுச்சு, உள்ள இறங்கவே இல்ல, பக்கத்துல இருந்த மணலையும் சேத்து உருட்டி குழி பண்ணிடுச்சு. காரணம் தண்ணியோட பரப்பு இழுவிசை. முதல்ல மணலை நனைக்கணும். தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, மெல்லிசா புகை மாதிரி வர்ற ஸ்பிரேயால ஒரு அடி தள்ளி மேலேர்ந்து அடிங்க. கிட்டக்க அடிச்சா மணல் பறந்துடும். நல்லா ஈரமானப்புறம் ஒரு பங்கு ஃபெவிகால், மூணு பங்கு தண்ணி, அதுலயும் ஒரு சொட்டு லிக்விட், மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கி அதுல விடுங்க. இப்போ விட்ட இடத்துல அப்படியே உறிஞ்சிக்கும். வெள்ளையா தெரியும், பயப்படாதீங்க, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும். மழைக்காலத்துல காய ரெண்டு நாள் ஆகும், நடுவுல தொட்டுப் பாக்காதீங்க.

பாயிண்ட் கிட்ட மட்டும் வேற கதை. என்னோட பாயிண்ட்ல பசை உள்ள இறங்கி, நகர்ற தண்டவாள முனை (பிளேடு) ரெண்டும் ஒட்டிக்கிச்சு, மறுநாள் தள்ளினேன், பிளேடை சேக்கற அந்த சின்ன பிளாஸ்டிக் பார் ஒடிஞ்சுபோச்சு. புதுசு வர ஒரு மாசம் காத்திருந்தேன். அதனால பிளேடு நகர்ற இடத்துல ஜல்லியே போடாதீங்க, கார்க்குக்கு அதே சாம்பல் கலர் பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்க. பாருக்கு அடியில பல் குத்தற குச்சியால ஒரு சொட்டு தையல் மிஷின் ஆயில் வைங்க. பக்கத்துல பசை விட்டப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாயிண்ட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகத்திக்கிட்டே இருங்க.

ஸ்டெப் 4: பிளாட்ஃபார்ம், பேர்ப்பலகை

சன்போர்டுதான் (லேசான பிளாஸ்டிக் ஃபோம் ஷீட்) பெஸ்ட், தெர்மாகோல் வெட்டினா உதிரும். உயரமான பிளாட்ஃபார்ம் நிஜத்துல 760லேர்ந்து 840 மி.மீ., மாடல்ல 9 மி.மீ. வச்சுக்கலாம்.

*அப்டேட்:* பெட்டி வாசல் பிளாட்ஃபார்மை விட ரொம்ப மேல நிக்குதுன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. அந்த 9 மி.மீ. பலகையிலேர்ந்து இல்லைங்க, தண்டவாளத்தோட மேல் பரப்பிலேர்ந்து. கார்க், ஸ்லீப்பர், தண்டவாளம் மூணும் சேத்தே கிட்டத்தட்ட 8 மி.மீ. வந்துடும், ஆக பலகையிலேர்ந்து 17 மி.மீ. உயரத்துக்கு கட்டணும். நான் இதை தெளிவா எழுதாதது தப்புதான், மன்னிச்சுக்கோங்க. ஓரம் டிராக் நடுவுலேர்ந்து 21 மி.மீ. தள்ளி இருந்தா பெட்டி உரசாது.

பேர்ப்பலகைக்கு மஞ்சள் பலகையில கருப்பு எழுத்து, மேல தமிழ், அடுத்து ஹிந்தி, அப்புறம் இங்கிலீஷ். இங்க்ஜெட்ல எடுத்தா இவ்ளோ சின்ன எழுத்துல 'ல்ல' கலங்கி ஒண்ணா ஆயிடுது, லேசர் பிரிண்ட் எடுங்க. நிஜ ஸ்டேஷனுக்கு போய் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. வண்டி நிக்கிற இடத்துல ஜல்லி எவ்ளோ பழுப்பா இருக்குன்னு தெரியும், அது பிரேக்லேர்ந்து உதிர்ற இரும்புத் தூள். அதே கலர்ல சாஃப்ட் பேஸ்டலை (சாக்பீஸ் மாதிரி கலர் குச்சி) பொடி பண்ணி அந்த இடத்துல மட்டும் தூவுங்க. பாக்கறதெல்லாம் பிளாட்ஃபார்ம்லேர்ந்தே, தண்டவாளத்துல யாரும் இறங்காதீங்க. பெட்டியை கிட்டக்க பாக்கணும்னா ஐசிஎஃப் பக்கத்துல இருக்கிற ரயில் மியூசியம் போங்க.

ஸ்டெப் 5: போட்டோ

நின்னுக்கிட்டு மேலேர்ந்து எடுக்காதீங்க. நம்ம கண்ணு நிஜத்துல தரையிலேர்ந்து 1.6 மீட்டர், மாடல்ல 18 மி.மீ. கேமராவும் அங்கதான் இருக்கணும். போனை தலைகீழா திருப்பி பிளாட்ஃபார்ம் மேலயே நிறுத்துங்க, லென்ஸ் கீழ வந்துடும். பெரிய கேமராவை அவ்ளோ கீழ கொண்டு போகவே முடியாது, இந்த வேலைக்கு போன்தான் பெட்டர். அல்ட்ரா வைட் வேணாம், மெயின் லென்ஸ்.

வெளிச்சம் ஒரே இடத்துலேர்ந்து வரணும். ரூம்ல டேபிள் லேம்ப் கிட்டக்க வச்சா பிளாட்ஃபார்ம் தூணோட நெழலெல்லாம் விசிறி மாதிரி விரியும், நிஜ வெயில்ல எல்லா நெழலும் ஒண்ணுக்கொண்ணு இணையா விழும். எது தப்புன்னு பாக்கறவங்களுக்கு சொல்லத் தெரியாது, ஆனா பொம்மைன்னு மனசுக்கு பட்டுடும். அதுக்குத்தான் மொட்டை மாடி. நாலரை மணிக்கு பலகையை டிராக் வடக்கு தெக்கா வர்ற மாதிரி வைங்க, பின்னாடி நிஜ வானம். நீல ஃபிளெக்ஸ் எதுவும் வேணாம், நம்ம ஊர் வானம் கீழ வர வர வெளுத்துதான் இருக்கும்.

கிட்டக்க எடுக்கறதால ஒரு பெட்டி தெளிவா இருந்தா அடுத்தது மங்கிடும். புரோ மோட்ல போய் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் லாக் பண்ணிட்டு, ஃபோக்கஸை மட்டும் கிட்டேர்ந்து தூரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா நகத்தி பன்னெண்டு போட்டோ, ஒவ்வொண்ணும் 2 செகண்ட் டைமர்ல. அந்த பன்னெண்டையும் எல்லாம் தெளிவா இருக்கிற ஒரே படமா சேக்கணும். அதுக்கு ஹெலிகான் ஃபோக்கஸ்னு ஒரு சாஃப்ட்வேர் நல்லா இருக்கும், ஆனா காசு. நான் ஹகின்ங்கிற இலவச சாஃப்ட்வேரோட வர்ற டூல்தான் யூஸ் பண்றேன். முதல்ல எல்லா படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தற மாதிரி அலைன் பண்ணுங்க, ஃபோக்கஸ் மாறும்போது படத்தோட அளவே லேசா மாறும், அலைன் பண்ணாம சேத்தா ஓரமெல்லாம் ரெட்டையா வரும். அப்புறம் படங்களை சேக்கற என்ஃபியூஸ் டூல்ல எக்ஸ்போஷர் வெயிட் 0, சாச்சுரேஷன் வெயிட் 0, கான்ட்ராஸ்ட் வெயிட் 1, ஹார்ட் மாஸ்க் ஆன்.

*அப்டேட் 2:* எல்லாம் சரியா பண்ணியும் லேஅவுட்ல வச்ச மரத்து இலை மட்டும் கலங்கி வருதுன்னு எழுதிருந்தீங்க. அது சாயங்காலம் கடல்லேர்ந்து வர்ற காத்து, பன்னெண்டு போட்டோலயும் இலை பன்னெண்டு இடத்துல இருக்கும். பலகைக்கு கிழக்குப் பக்கமா ஒரு பெரிய டிவி அட்டைப்பெட்டியை நிறுத்துங்க, பிரேம்ல விழாத அளவுக்கு தள்ளி. வெயில் மேற்கேர்ந்து வர்றதால அட்டைப்பெட்டியோட நெழல் பலகை மேல விழாது.