‘ஸே’யா, ‘டெல்’லா? ‘யாரிடம்?’ என்று கேட்டுப் பாருங்கள்

‘அவர் என்னிடம் சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலருக்கு ‘ஹி ஸெட் மீ’ என்று வரும், இல்லாவிட்டால் ‘ஹி டோல்ட் டு மீ’ என்று வரும். இரண்டுமே தவறு. ஆனால் இதற்காக யாரும் கூச வேண்டாம். ஆங்கிலத்தில் ‘ஸே’ (say – இறந்தகாலத்தில் ‘ஸெட்’), ‘டெல்’ (tell – இறந்தகாலத்தில் ‘டோல்ட்’) என்று இரண்டு வினைகள் உண்டு. தமிழில் அந்த இரண்டுக்கும் ‘சொல்’ ஒன்றே போதும், அந்தப் பழக்கம்தான் இப்படி இழுக்கிறது.

படி 1: முதலில் வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். ‘யாரிடம் சொன்னார்?’ என்று கேளுங்கள். பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறதா?

படி 2: இருந்தால் ‘டெல்’. ‘அம்மாவிடம் சொன்னேன்’ என்றால் ‘ஐ டோல்ட் மை மதர்’. அந்த ‘இடம்’தான் நம்மை ஏமாற்றுகிறது. அதை ‘டு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ‘டெல்’லுக்கு அது வேண்டாம், ஆளின் பெயர் ஒட்டினாற்போல் பக்கத்திலேயே வந்துவிடும்.

படி 3: கேட்பவர் வாக்கியத்தில் இல்லையென்றால் ‘ஸே’. ‘களைப்பாக இருக்கிறது என்றாள்’ – ‘ஷி ஸெட் ஷி வாஸ் டயர்ட்’. ஒருவர் பேசியதை அப்படியே மேற்கோளாகத் தரும்போதும், பலகையில் எழுதியிருப்பதைச் சொல்லும்போதும் பெரும்பாலும் ‘ஸே’தான். ‘ஸே’யோடு ஆளையும் சேர்க்க நினைத்தால் அங்கே ‘டு’ கட்டாயம்: ‘ஷி ஸெட் டு மீ’. உச்சரிப்பையும் இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். ‘says’ என்பது ‘ஸேஸ்’ இல்லை, ‘ஸெஸ்’.

படி 4: ஒன்றைச் செய்யச் சொல்லும்போது ‘டெல்’. ‘டாக்டர் என்னைக் காத்திருக்கச் சொன்னார்’ – ‘தி டாக்டர் டோல்ட் மீ டு வெயிட்’. இங்கே தமிழே ‘என்னிடம்’ என்பதை விட்டுவிட்டு ‘என்னை’ என்கிறது, கவனித்தீர்களா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வாக்கியத்தில் வரும் ‘டு’, ‘வெயிட்’டுக்குச் சொந்தம், ‘மீ’க்கு இல்லை.

அப்புறம், கேட்பவர் இல்லாமலே ‘டெல்’ வரும் சில தொடர்கள் உண்டு. பொய், உண்மை, கதை, மணி ஆகிய நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்: ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் த டைம்’. பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அதனால்தான். ஸாரியும் ஹலோவும் எப்போதும் ‘ஸே’யோடுதான்.

‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் பேசுவது. மொழி என்றால் ‘ஸ்பீக் தமிழ்’. நண்பர்களோடு அரட்டை என்றால் ‘டாக்’. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

சரி, இந்த இரண்டையும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள்: ‘அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.’ ‘அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.’ முதலாவது ‘மை பிரதர் ஸெட் நத்திங்’, இரண்டாவது ‘மை பிரதர் டோல்ட் மீ நத்திங்’ என்று வந்திருந்தால் சரி.