தொட்டியில் ஒரு தொட்டாற்சிணுங்கி

ரோட்டோரம் தானாக மண்டிக் கிடக்கிற செடிதானே என்று, முதல் தடவை இருபது விதைகளை அப்படியே மண்ணில் தூவினேன். முளைத்தவை இரண்டு. இந்த விதையின் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. இப்போதெல்லாம் டம்ளரில் விதையைப் போட்டு, டீ குடிக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறேன். காலையில் பருத்திருப்பவற்றை எடுத்து விதைக்கலாம். பருக்காததின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கீறி மறுபடி ஊறப் போடுங்கள்.

விதை மறையும் அளவுக்கு மண் மூடினால் போதும். நல்ல வெயில் வேண்டும். பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும், அதனால் இருக்கப்போகும் தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள். யூரியா வேண்டாம். பயறு, அவரை மாதிரி இதன் வேர் முடிச்சிலும் தழைச்சத்தைப் பிடித்துத்தரும் பாக்டீரியா உண்டு.

சாயங்காலம் இலையெல்லாம் மடங்கியிருந்தால் பதறாதீர்கள், அது தூங்குகிறது. வாடிவிட்டதென்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி ஒரு செடியை அழுகவிட்டவள் நான்.

தொடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நுனிச் சிற்றிலையை மட்டும் தட்டிப் பாருங்கள். ஜோடி ஜோடியாக அடிப்பக்கம் நோக்கி மூடிக்கொண்டே வரும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் கடைசியில் காம்பே தொப்பென்று தொங்கும். காம்பின் அடியில் சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். அதன் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். அந்தப் பக்கம் தளர்ந்து காம்பு சாய்கிறது. திரும்ப விரிய பத்து இருபது நிமிஷம் ஆகும். என் பேத்தி வரிசையாகப் பத்துத் தடவை தட்டுவாள். மூடிய இலைக்கு வெயில் சரியாகக் கிடைக்காது, விரியவும் சக்தி செலவு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தண்ணீரையும் மேலே தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள், துளி பட்டாலும் மூடிக்கொள்ளும்.

இளஞ்சிவப்புப் பந்து மாதிரிப் பூக்கும். ஒவ்வொரு பந்தும் ஏகப்பட்ட குட்டிப் பூக்களின் கூட்டம். தேனீயும் காற்றும் மகரந்தத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஓரமெல்லாம் முள்முடியோடு காய்க்கொத்து வரும். பழுப்பானதும் வெட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் கண்ணி கண்ணியாக உடைந்து, சேலையில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். என் கறிவேப்பிலைத் தொட்டியில் இப்போது மூன்று நிற்கின்றன. பிடுங்கப் போனால் இலையை மடக்கிக்கொண்டு முள்ளை நீட்டுகின்றன.