ஆட்சீகோ ஏரிக்கரையில் வீடு வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் பக்கம் ஏரியைப் பார்த்த வீடு தேடி வருபவர்கள், எங்களைப் போன்ற பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகிறார்கள். கூரை ஒழுகுகிறதா, பத்திரம் சரியா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

கதைக்குக் காசு கொடுப்பது

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1841-இல் வெளியிட்ட 'தி டியர்ஸ்லேயர்' நாவலில் இந்த ஏரிக்குப் பெயர் கிளிம்மர்கிளாஸ். அதில் வரும் 'கவுன்சில் ராக்' பாறை, சஸ்குவெஹானா ஆறு ஏரியை விட்டுக் கிளம்பும் இடத்தருகே இன்னும் இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள், விலையில் மட்டும் சேர்க்காதீர்கள்.

சாயச் சோதனையை நம்பி செப்டிக் டேங்கை விட்டுவிடுவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கரையோர வீடுகளில் பல, கோடையில் வந்துபோகக் கட்டியவை. அப்புறம் அறைகளைக் கூட்டி, ஹீட்டர் வைத்து, வருடம் முழுக்கக் குடியிருக்க மாற்றிவிட்டார்கள். மண்ணுக்கடியில் மட்டும் அதே பழைய டேங்க். மாநில விதிப்படி புதிதாகப் போடுவதென்றால் ஒரு படுக்கையறைக்கு நாளுக்குக் குறைந்தது 110 கேலன் கழிவுநீர் என்று கணக்கு, கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் ஏரிக்கு 100 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒடுங்கிய மனையில் அந்த 100 அடிக்கு எங்கே போவது?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி ஏப்ரலில் வாங்கினார்கள். கழிப்பறையில் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள், வெளியே எதுவும் கசியவில்லை, எல்லாம் சரி என்று காகிதம் வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் எப்படிக் கசியும்? ஜூலையில் விருந்தாளிகள் வந்ததும் ஏரிப்பக்கப் புல்தரை நனைந்து நாறியது. பொறியாளர் வரைபடம், பம்ப், தனிச் சுத்திகரிப்பு என்று சமையலறைக்கு ஒதுக்கிய பணம் மொத்தமும் அதற்கே போனது. அவர்கள் செலவோடு முடிகிற விஷயமும் இல்லை: கசியும் பாஸ்பரஸ் பாசிக்குத் தீனி, ஊர் குடிப்பதோ இந்த ஏரித் தண்ணீரை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டேங்கைத் திறந்து, கழிவை எடுத்துவிட்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரைபடம் கேளுங்கள். பழுதானால் மாற்றிப் போட மனையில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து மயங்குவது

2007-இல் இங்கே ஜீப்ரா சிப்பி (zebra mussel) என்ற வெளியூர்ச் சிறு சிப்பி வந்துவிட்டது. மிதக்கும் நுண்பாசியை அது வடிகட்டித் தின்பதால் தண்ணீர் தெளிந்து தெரியும். ஏரியிலிருந்து வீட்டுக்கு நீர் எடுக்கும் குழாயையும் அதுவே அடைக்கும். குழாயின் வாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கரைச் செடிகளை வெட்டிப் புல்வெளி போடுவது

வேண்டாம்.

வேறு ஏரியில் ஓடிய படகை அப்படியே இறக்குவது

கழுவி, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவிட்டு இறக்குங்கள்.